பார்த்தாச்சு, பிரச்னை இல்லை

அலுவலகத்தில் அவளுக்குப் பூஜ்ஜியம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து வந்த பெயர் இல்லை, உழைத்துச் சம்பாதித்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொள்ளாயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகளை மூன்றே வாரத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிக் காட்டினாள். நிறுவனத்தின் தலைவரே மேடையேறி அவள் கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்தார். அதில் பெரிதாக ஒரு பூஜ்ஜியம் செதுக்கியிருந்தது.

அந்தக் கேடயத்தை அவளுடைய மாமியார் கூடத்து அலமாரியில் நடுநாயகமாக வைத்தார். வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும், "எங்க மருமக பூஜ்ஜியம் எடுத்துப் பரிசு வாங்கினவ" என்று பெருமையாகச் சொல்வார். வந்தவர்கள் பாராட்டுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

எச்சரிக்கை என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. அவர்கள் நிறுவனம் லிஃப்ட் செய்கிறது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு குட்டிக் கணினி. அந்தக் கணினியின் இயங்குதளத்துக்கு நட்ட நடுவில் இருப்பது கெர்னல். கதவு, மோட்டார், பொத்தான், விளக்கு என்று யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் கெர்னலிடம்தான் வந்து நிற்க வேண்டும். அதில் ஒரு வரி பிசகினால் லிஃப்ட் நின்றுவிடும். அதனால் எழுதிய நிரலை ஓட்டுவதற்கு முன்பே ஒரு கருவி அதை வரிவரியாகப் படித்து, இங்கே இது சொத்தை, அங்கே அது நொட்டை என்று பட்டியல் போடும். ஓடவிட்டுப் பார்க்காமலே குறை சொல்வதால் அலுவலகத்தில் அந்தக் கருவிக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று தெரியாது, கல்யாணம் ஆனவராகத்தான் இருக்க வேண்டும்.

கருவி சொல்வதெல்லாம் சரியும் இல்லை. பத்தில் ஏழு வெறும் புலம்பல். அப்படிப்பட்ட இடத்தில் அந்த வரிக்கு மேலே, 'பார்த்தாச்சு, பிரச்னை இல்லை' என்று ஒரு குறிப்பு எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். இன்னொருவர் பார்த்து அவர் பெயரையும் போடுவார். குறிப்பைக் கண்டதும் கருவி வாயை மூடிக்கொள்ளும். இதில் ஒரு சௌகரியம் உண்டு. நிரலில் உண்மையாகவே ஒரு எழுத்தை மாற்றினால்கூட மொத்தச் சோதனையும் மறுபடி ஓட வேண்டும், இரண்டு நாள் ஆகும். குறிப்பு எழுதினால் எதுவும் ஓட வேண்டாம். இரண்டு நாள் வேலைக்கும் அரை நிமிட வேலைக்கும் நடுவில் மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கருவி செய்தவர்கள் யோசித்திருக்கலாம்.

ஆறு வருடமாக அந்தப் பூஜ்ஜியம் அப்படியே இருந்தது. இந்த மாதம் கருவியின் புதுப் பதிப்பு வந்தது. அது பழைய குறிப்புகளில் பலவற்றை மதிக்கவில்லை. திங்கட்கிழமை காலை திரையைத் திறந்தால், இருநூற்றுப் பதினான்கு எச்சரிக்கைகள் வரிசைகட்டி நின்றன.

"உன் குழந்தைங்கதான். நீயே கூட்டிக்கிட்டுப் போ" என்று டீம் லீடர் அவள் தலையில் கட்டினார். நல்ல மனிதர். எதற்கும் கத்த மாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கிற வேகத்தை வைத்து அவசரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தாள். பெரும்பாலும் புலம்பல்தான். வியாழக்கிழமை மதியம் நூற்று முப்பத்தேழாவது வந்தது. 'எடுத்த இடம் இந்தப் பாதையில் திருப்பித் தரப்படவில்லை.' மேலே குறிப்பு: பார்த்தாச்சு, பிரச்னை இல்லை. கீழே அவள் பெயர்.

கதவைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அது. கதவு இடுக்கில் ஆள் நிற்கிறாரா என்று பார்ப்பதற்கு ஒரு சென்சார் உண்டு, மெக்கானிக்குகள் அதைக் கண் என்பார்கள். கண்ணிடம் ஒவ்வொரு தடவை கேள்வி கேட்கும்போதும் நிரல் கெர்னலிடமிருந்து ஒரு சின்னப் பெட்டி வாங்கும். நினைவகத்தில் ஒரு துண்டு இடம், அவ்வளவுதான். கேள்வியை அதில் எழுதும், பதிலை வாங்கும், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும். கதவுக்கென்று மொத்தம் இருபத்துநாலு பெட்டிகள். கண் பதில் சொல்லாவிட்டால், நிரல் 'கண் இல்லை' என்று குறித்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியேறிவிடும். அப்படிப் போகும்போது கையிலிருக்கும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடும். கருவி சொன்னது இதைத்தான்.

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றாவது வாரத்தின் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி. இன்னும் நாற்பத்தொன்று பாக்கி. டீம் லீடர் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் இருபதை உண்மையாகவே பார்த்தாள். மீதி இருபத்தொன்றை ஒரு கொட்டாவி விடுகிற நேரத்துக்கு ஒன்றாகத் தள்ளினாள். இதற்கும் ஒரு கொட்டாவி நேரம் கிடைத்தது. கண் போர்டிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறது, பதில் சொல்லாமல் எங்கே போய்விடும் என்று நினைத்ததுகூட ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது உண்மையும்தான்.

எழுந்து போர்டுக்காரரிடம் போனாள். மின்சுற்றுப் பலகைகளை வடிவமைப்பவர், மேஜை முழுக்கக் கம்பியும் ஈயப் பற்றும் கிடக்கும்.

"அண்ணே, கதவுக் கண் இன்னும் போர்டுலதானே இருக்கு?"

"எந்தக் காலத்துல இருக்க நீ? அது வெளியில போய் நாலு வருஷம் ஆச்சு. கதவுக்கு மேல இருக்கு, கேபிள்ல வருது."

"அப்போ, ஓடிக்கிட்டு இருக்கும்போதே அது பதில் சொல்லாம போக வாய்ப்பு இருக்கா?"

"யாராவது கேபிளைப் பிடுங்கினாத்தான்."

"யாரு பிடுங்குவா?"

"மெக்கானிக். கழற்றித் துடைச்சு மாட்டணும்னு மேனுவல்ல போட்டிருக்கோம். ஆஸ்பத்திரின்னா மாசத்துக்கு ரெண்டு தடவை, பவரையும் அணைக்கக் கூடாது." அவர் சிரித்தார். "ஆனா எவன் செய்யறான்? செக்லிஸ்ட்ல டிக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க. எழுத்துக்கு எழுத்து செய்யற ஆள் ஒருத்தர்தான் இருந்தார். அவரையும் வீட்டுல உட்கார வெச்சுட்டாங்களே, அந்த ஆஸ்பத்திரி விஷயத்துல."

"சோதனை போர்டு ஒண்ணு வேணும் அண்ணே" என்றாள்.

ஆஸ்பத்திரி விஷயம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் முன்பு, ஒரு புது ஆஸ்பத்திரியில், அறுவை முடிந்த ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது லிஃப்ட் கதவு மூடிய வாக்கில் இருபத்தைந்து நிமிடம் நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து அதே கட்டடத்தின் இன்னொரு லிஃப்டில் ஒரு பெரியவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு நாற்பது நிமிடம். இருவரும் பிழைத்தார்கள், அவர்கள் நல்ல நேரம். இரண்டு தடவையும் அன்று காலையில்தான் அதே மெக்கானிக் வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். மீட்க வந்தவர்கள் கேபிளை அழுத்திவிட்டு, பவரை அணைத்துப் போட்டார்கள், லிஃப்ட் ஓடியது. ஆக, கேபிளைச் சரியாகச் செருகவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இதே மாதிரி லிஃப்ட் வேறு ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஒழுங்காக ஓடுகிறதே, இவர் தொட்டது மட்டும்தானே நிற்கிறது என்று கேட்டார்கள். வரும் திங்கட்கிழமை விசாரணை.

சோதனைக்கு வைத்திருந்த போர்டை எடுத்து இயக்கினாள். திரையில் காலிப் பெட்டிகள் இருபத்துநாலு. கண்ணின் கேபிளைப் பிடுங்கி, இரண்டு வினாடி பொறுத்து மாட்டினாள். இருபத்துமூன்று. மறுபடி பிடுங்கினாள். இருபத்திரண்டு. அதற்கு மேல் பிடுங்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பவரை அணைத்துப் போட்டாள், மறுபடி இருபத்துநாலு.

வெள்ளிக்கிழமை காலை டீம் லீடரிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி பண்ண எவ்வளவு ஆகும்?"

"ஒரு வரி சார்."

"போட்டுடு. இருநூத்திப் பதினாலுல இதுவும் ஒண்ணு. யாரும் பிரிச்சுப் பார்க்கப் போறதில்ல."

"அந்த மெக்கானிக்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு என்மேலதான்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாராம். திங்கக்கிழமை சும்மா பேருக்கு ஒரு விசாரணை. வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. லைசென்ஸை வாங்கிட்டு ஸ்டோர்ல உட்கார வெப்பாங்க."

"அவர் எழுதிக் கொடுத்தாரா? செய்யாததை எப்படி எழுதிக் கொடுத்தார்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தக் குறிப்புக்குக் கீழே ரெண்டாவது பேர் யாரோடதுன்னு பார்த்தியா?"

பார்த்திருந்தாள். அவருடையதுதான்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, நாள் கிழமை சொல்வதுபோலச் சொன்னார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் பின்னால் நின்றாரே தவிர, எழுதியது அவள் கை.

சனிக்கிழமை காலை சர்வீஸ் பிரிவில் விலாசம் வாங்கிக்கொண்டு மெக்கானிக் வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறிப்போய்க் கதவைத் தட்டினால், அவருடைய மனைவி பாதி திறந்து நின்றார். கழுத்தில் தையற்காரரின் அளவு நாடா தொங்கியது.

"இன்னும் எதுலம்மா கையெழுத்து வேணும்?" என்று கேட்டார்.

"கையெழுத்துக்கு வரலைங்க. அவர்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

உள்ளே மெக்கானிக் தரையில் செய்தித்தாளை விரித்து, பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்து வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே தாளில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தார். மின்விசிறிக்கு எண் போடுகிற ஆளை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"உட்காருங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மேடம் வேண்டாம் அண்ணே. கண்ணை எப்படித் துடைப்பீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் முகம் சட்டென்று கவனமானது. மூன்று மாதமாக எல்லோரும் அவரிடம் எப்படிச் செருகினீர்கள் என்று மட்டும்தான் கேட்டிருந்தார்கள். "ஆஸ்பத்திரியில பஞ்சு பறக்கும்மா. கண்ணுல பஞ்சு ஒட்டிக்கிட்டா ஆள் நிக்கறது தெரியாது, கதவு ஆள் மேலயே மூடிடும். அதனால கேபிளைக் கழற்றி, கண்ணைக் கையில எடுத்து, மெத்துன்னு இருக்கற துணியால துடைப்பேன். திருப்பி மாட்டி, மேலயும் கீழயும் மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வருவேன். அன்னைக்கும் ஓடுச்சு. மூணு தடவையும் ஓடுச்சு."

"ஸ்ட்ரெச்சர் சாவியைத் திருப்பி ஓட்டிப் பார்த்தீங்களா?"

"அந்தச் சாவி வார்டுக்காரங்ககிட்டதாம்மா இருக்கும். நமக்குத் தர மாட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். சாதாரணமாக ஓடுவதற்குக் கதவுக்கு ஒரு பெட்டி போதும். ஸ்ட்ரெச்சர் சாவியைத் திருப்பினால் கதவு ரொம்ப நேரம் திறந்திருக்க வேண்டும், அதற்கு ஒரே சமயத்தில் இரண்டு பெட்டி வேண்டும். இருபத்துமூன்று தொலைந்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தால், மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது லிஃப்ட் சமர்த்தாக ஓடும். அடுத்து நோயாளியோடு ஏறுகிறவர் உள்ளேயிருந்து சாவியைத் திருப்பியதும், மூடிய கதவோடு இரண்டாவது பெட்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றுவிடும்.

"லிஃப்டை முதல்ல ஓடவிட்ட நாள்லேர்ந்து எத்தனை தடவை துடைச்சிருப்பீங்க?"

"உத்தேசமா எதுக்குச் சொல்லணும்?" என்று எழுந்துபோய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, மணி, லிஃப்ட், செய்த வேலை. ஒரு வரி அடித்தல் திருத்தல் இல்லை. முதல் லிஃப்டின் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார். அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதில் நின்றுவிடாதா என்று இருந்தது. இருபதைத் தாண்டியபோது, இருபத்தேழு வரைக்கும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேறு எந்த எண் வந்தாலும் அவள் தப்பித்துவிடலாம்.

"அன்னைக்குக் காலையில செஞ்சதோட முடியுது" என்று விரலை எடுத்தார். "இருபத்திமூணு."

இரண்டாவது லிஃப்ட் இரண்டு வாரம் தள்ளி ஓடத் தொடங்கியது. அதன் பக்கத்தையும் படித்தார். இருபத்திமூணு.

"எங்களோட நிரல்ல ஒரு தப்பு இருக்கு அண்ணே" என்றாள். அவருக்குப் புரிகிற மாதிரி பெட்டிக் கணக்கைச் சொன்னாள். ஒவ்வொரு தடவை கேபிளைக் கழற்றும்போதும் ஒரு பெட்டி தொலைகிறது என்றாள். மற்ற ஆஸ்பத்திரிகளில் யாரும் கழற்றவே இல்லை, அதனால்தான் அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றாள். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் திருகு ஒன்றை எடுத்து, பார்த்து, அதே எண்ணில் திருப்பி வைத்தார்.

"இல்லம்மா. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க" என்றார். "ஒரு தடவைன்னா விதின்னு சொல்லலாம். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் நான் தொட்ட அன்னைக்கே. ராத்திரி படுத்தா நான் செருகினது கண்ணு முன்னாடி வரும். ஒரு நாள் சரியா செருகின மாதிரி இருக்கும், ஒரு நாள் இல்லாத மாதிரி இருக்கும். இப்போ எது நிஜம்னு எனக்கே தெரியலை. அதான் எழுதிக் கொடுத்துட்டேன்."

லைசென்ஸ் போவதையும் ஸ்டோரில் உட்காருவதையும் பற்றித்தான் இரண்டு நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். இந்த மனிதருக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அந்தத் தப்பை யாரும் கவனிக்கலையா?" என்று மனைவி கேட்டார். குரலில் சூடு ஏறியிருந்தது.

"கருவி கவனிச்சுது. ஒருத்தர் பார்க்காமலே பார்த்தாச்சுன்னு எழுதிட்டாங்க."

"யாரும்மா அந்தப் புண்ணியவதி? புண்ணியவானோ?"

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். "திங்கக்கிழமை நான் வர்றேன். நோட்டை எடுத்துட்டு வாங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு நாலு மாடியும் கடகடவென்று இறங்கிவிட்டாள். தெருவில் நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திரும்ப ஏறிப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "அத்தை, நான் அந்தப் பூஜ்ஜியத்தை ஒழுங்கா எடுக்கலை" என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். பெட்டிக் கணக்கு அத்தைக்கு எந்த அளவுக்குப் புரிந்ததோ, அந்தப் பெரியவர் நாற்பது நிமிடம் சிலிண்டரோடு நின்றது நன்றாகப் புரிந்தது.

"நாளைக்குப் போய்ச் சொல்லப் போறியா?"

"ஆமாம் அத்தை."

"வேலை போயிடுமா?"

"தெரியலை."

அத்தை கையிலிருந்த கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இதை நான் துடைக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அத்தை அதைத் துடைக்காமலும் உள்ளே வைக்காமலும் மேஜைமேல் வைத்துவிட்டு அவளுக்குத் தேநீர் போடப் போனார்.

திங்கட்கிழமை காலை சோதனை போர்டை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விசாரணை நடப்பது தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தில். போர்டை வாசலைத் தாண்டி எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதில் டீம் லீடர் கையெழுத்து வேண்டும். சீட்டை அவர் மேஜையில் வைத்தாள். காரணம் என்ற கட்டத்தில், 'விசாரணையில் காட்ட' என்று எழுதியிருந்தாள். அவர் ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைக்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அறையில் மூன்று பேர். சர்வீஸ் பிரிவின் மேலாளர், பாதுகாப்பு அதிகாரியம்மா, கோப்பு வைத்திருந்த ஒருவர். எதிரே மெக்கானிக், மடிப்புக் கலையாத சட்டை, மடியில் நோட்டு. மனைவி வெளியே நாற்காலியில் இருந்தார், கதவு சாத்தியிருக்கவில்லை. கோப்புக்காரர் மெக்கானிக் எழுதிக் கொடுத்த கடிதத்தை வாசித்து முடித்திருந்தார்.

"இவர் ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் இது எதுக்கு?" என்று மேலாளர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் கொடுங்க சார்."

போர்டை மேஜையில் வைத்தாள். கண், கேபிள், கதவு மோட்டாருக்குப் பதில் ஒரு குட்டிச் சக்கரம், ஸ்ட்ரெச்சர் சாவிக்குப் பதில் ஒரு சுவிட்ச், காலிப் பெட்டிகளைக் காட்ட ஒரு சின்னத் திரை. இருபத்துநாலு. கேபிளைப் பிடுங்கினாள், மாட்டினாள். இருபத்துமூன்று. பிடுங்கினாள், மாட்டினாள். வேகம் பிடித்தாள். ஆறாவது தடவை கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தாள்.

"அப்படி இழுக்கக் கூடாதும்மா, முனை தேஞ்சுடும்" என்றார் மெக்கானிக். சொன்ன பிறகுதான், தான் பேசிவிட்டது அவருக்கே தெரிந்தது.

"நீங்களே செய்யுங்க அண்ணே" என்று நகர்ந்துகொண்டாள்.

அவர் மேலாளரைப் பார்த்தார். மூன்று மாதமாக எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. பாதுகாப்பு அதிகாரியம்மா தலையசைத்தார். மெக்கானிக் எழுந்து வந்து, இரண்டு விரலால் முனையை நேராகப் பிடித்து எடுத்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், 'டக்' என்று சத்தம் வருகிற வரை செருகினார். இங்கே பஞ்சும் இல்லை, தூசியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் அறையில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

திரையில் ஒன்று என்று வந்தது. அவள் ஓட்டும் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்து மூடுவதுபோலச் சக்கரம் ஒரு பக்கமும் மறுபக்கமும் சுற்றியது. மூன்று தடவை ஓட்டினாள், மூன்று தடவையும் ஓடியது.

"இப்போ அந்த சுவிட்சைப் போடுங்க மேடம்" என்று அதிகாரியம்மாவிடம் சொன்னாள்.

அவர் போட்டார். சக்கரம் நின்றது. பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, எதுவும் அசையவில்லை.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் நின்ற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தான் செருகிய முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். அது இம்மிகூட ஆடவில்லை.

"அப்போ நான் இல்ல" என்றார் மெதுவாக. யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, மனைவிக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். "நான் இல்ல."

"நீங்க இல்ல அண்ணே" என்றாள். "நான்தான். ஆறு வருஷம் முன்னாடி கருவி இதைச் சொல்லுச்சு. பார்த்தாச்சு, பிரச்னை இல்லைன்னு எழுதிப் பேர் போட்டது நான். பார்க்கலை."

கோப்புக்காரர் எழுதுவதை நிறுத்தினார். வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, மனைவி வாசலில் வந்து நின்றார். சனிக்கிழமை சொல்லாததற்கு இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கணவரையே பார்த்து அழுதார்.

மெக்கானிக் ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"இது மாதிரி இன்னும் எத்தனை எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பார்க்காம எழுதினது மொத்தம் இருபத்தொண்ணு. இதைத் தவிர இருபது பாக்கி."

"அதெல்லாம் ஓடற லிஃப்ட்லதானே இருக்கு?"

"ஆமாம் அண்ணே."

அவர் துணியை மடித்துப் பையில் வைத்தார். பென்சிலை எடுத்து, நாற்காலியில் வைத்திருந்த நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, தேதி போட்டு, ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் எண் எழுதினார். நோட்டை மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார்.